மதினி வாயால் சொல்ல வேண்டும்

9 டிசம்பர் 2009, புதன்

ரங்கூன். காலையில் லேசான குளிர், பத்து மணிக்கு வெயில். தாகேதா பகுதியில் அண்ணன் வீடு. மரவீடு, தகரக் கூரை. அண்ணனுக்குத் தலை முழுக்க நரை. மதினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வா ராஜம். இளைச்சுப் போயிட்டியே." கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன்.

என் பெட்டியில் அந்தக் கடிதம். அப்பா போனபின் அவர் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பேசி முடித்த ரங்கூன் மாப்பிள்ளையின் தகப்பனார் எழுதியது. 'பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று தங்கள் மருமகளே சொல்லிவிட்டார்.' ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் அப்பா எங்களிடம் சொன்னார். அந்த மாப்பிள்ளைக்கு மதினி தன் தங்கையைக் கட்டிவைத்தாள். வலிப்புப் பேச்சு எங்கள் திருச்சிவரை வந்திருக்க வேண்டும். பிறகு எந்த வரனும் நிலைக்கவில்லை. எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. ஒரு நாள்கூட.

வந்தது ஊர் பார்க்க அல்ல.

10, வியாழன்

மதினியோடு சந்தை. வாங்கியது: கருவாடு, வாழைத்தண்டு, புளிச்சக்கீரை, எனக்கு ஒரு லுங்கி (வேண்டாம் என்றேன்). நடைபாதையில் குட்டி முக்காலி போட்டு மொஹிங்கா. மீன் குழம்பில் அரிசிச் சேவை. நல்ல ருசி. அதை ஒப்புக்கொள்ளவே எரிச்சல். தன் கிண்ணத்து முட்டையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள். தின்றேன்.

மகள் செல்வியை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். "நீ டீச்சரு. பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பு."

இருக்கிறேன் என்றேன். சந்தோஷமாகவே.

11, வெள்ளி

செல்விக்கு ஷ்வேப்யிதா தையல் தொழிற்சாலையில் வேலை. இன்று அரை நாள் லீவு போட்டு என்னை க்யிம்யிண்டைங் தெருச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். கொரியா நாடகப் பைத்தியம். பேச்சில் பாதி பர்மா பாஷை.

ஒரு தள்ளுவண்டி. விரல் நீளக் கொழுக்கட்டைகள் சிவப்புக் காரக் குழம்பில் கொதித்தன. பக்கத்தில் கோஸைப் புளிக்கவைத்த கிம்ச்சி. நாக்கு எரிந்தது, இன்னொரு தட்டு கேட்டேன். கடைக்காரன் பாஸ்கர், நாலு வருஷம் கொரியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். தட்டை நீட்டும்போது செல்வியைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை வரப்போறவரு இவருதான் அத்தே," என்றாள் காதில். "அம்மாட்ட சொல்லிராதீங்க, பாக்க வந்தோம்னு."

நல்ல பையன். அதுதான் இடைஞ்சல்.

12, சனி

மதினி வீட்டைக் கழுவினாள், திரைச்சீலை துவைத்தாள். எனக்குத் தலைவலி.

'பெண்ணுக்கு வலிப்பு உண்டு.' மூன்றே சொல். நாளைக்கு அதே மூன்றை நான் சொன்னால்?

13, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பாஸ்கரின் அம்மா டோ மல்லிகா (பெரிய பெண்களை இங்கே மரியாதையாக 'டோ' என்பார்கள்) என்னைத்தான் கேட்டாள். "டீச்சரம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. பொண்ணுக்குச் சீக்கு கீக்கு ஏதும் உண்டா?"

டீத்தட்டோடு மதினி வாசற்படியில். நான் வாய் திறக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது. அப்போதே புரிந்துகொண்டாள், எனக்குத் தெரியும் என்று. இன்னும் கொஞ்சம் காக்கவைத்தேன். இனித்தது.

செல்வி தலையைக் குனிந்திருந்தாள்.

"பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்கு வலிப்புன்னு சொல்லி என் கல்யாணத்தை நிறுத்தினாங்க. சொன்னது யாருன்னு மதினியக் கேளுங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். "என்ன பேசுற நீ?"

"மதினி சொல்லட்டும்."

மதினி தட்டைக் கீழே வைத்தாள். "அவளுக்கு ஒன்னுமில்ல. நாந்தான் சொன்னேன். தங்கச்சிக்காக." அவ்வளவுதான். இருபத்து மூன்று வருஷம்.

டோ மல்லிகா டீயைத் தொடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்."

14, திங்கள்

செல்வி என் முகம் பார்க்காமல் வேலைக்குப் போனாள். மதினி அறையை விட்டு வரவில்லை.

அண்ணன்: "எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாமே, ராஜம்."

"அவங்க தனியாச் சொல்லலையே அண்ணே. ஊருக்கே சொன்னாங்க."

மதியம் நானே சோறு வடித்தேன்.

சாயங்காலம் செல்வி வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அவங்க சம்மதம்னுட்டாங்க அத்தே. ஆனா அம்மா தாரை வார்க்கக் கூடாதாம், பொய் சொன்னவங்களாம். அந்த இடத்துல நீங்க வந்து நின்னாத்தான் கல்யாணமாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நிப்பீங்களா?"

திரைக்குப் பின்னால் மதினியின் மூச்சு கேட்டது. வேண்டாம், உன் அம்மாவே நிற்கட்டும் என்று நான் சொல்ல அவள் காத்திருந்தாள்.

நிற்கிறேன் என்றேன். சத்தமாகவே.

டிக்கெட்டை மாற்ற வேண்டும்.