நீ அழித்த நாலு வரி

சேசு மரி சூசை

சேலையூர்
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள மகன் ஆல்வினுக்கு, அப்பா ஏசுபாதம் சொல்லச் சொல்லத் தங்கை அமலராணி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நாலு நாளாக மழை விடவில்லை, கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் லாரி ஓட்டின காலத்தில் தண்ணீரைத் தேடி நான் ஏரி ஏரியாகப் போனேன், இப்போது அது வாசலுக்கே வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு முனிரத்தினம், "இன்னா ஏசு, லோடு கேக்காமயே வந்துகினு கீது" என்று கிண்டல் செய்கிறார். இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிகிறது, வலது அப்படியேதான். குரோம்பேட்டை டாக்டர் இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்கிறார். அம்மாவின் ஐந்தாம் வருடப் பூசைக்கு 23ஆம் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அவள் போனபோது நீ டைப் அடித்த நினைவு ஜெபத்தையே இந்த முறையும் அச்சடிக்க ஆசை, உன் பழைய கம்ப்யூட்டரில் தேடச் சொல்லியிருக்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. வாரம் ஒரு நாளாவது சோறு வடித்துச் சாப்பிடு.

அண்ணா, இதுவரை அப்பா காலையில் சொன்னது. இனி எழுதுவது நான். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். போன் இருந்தாலும் மாதம் ஒரு கடிதம் போட வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம், அதனால் இரண்டு வருஷமாக உனக்கு வந்த எல்லாக் கடிதமும் என் கையெழுத்துதான். ஆனால் ஒன்றிலும் என் வார்த்தை கிடையாது. அப்பா சொன்னதில் நான் ஒரு சொல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. போனில் என்றால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் இதையும் பேப்பரிலேயே எழுதுகிறேன். உன் கம்ப்யூட்டர் உயிர் விட்டு ஆறு மாதம் ஆகிறது. ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி, நான் வேலை செய்யும் சந்திரிகா அக்காவின் டைப்பிங் கடைக்கு எடுத்துப்போனேன். ஜெபம் இருந்த ஃபைலைக் கடையில் இருக்கும் புது வேர்டு புரோகிராம் திறக்கவில்லை, கெட்டுப்போன ஃபைல் என்றது. இப்படிப்பட்டவை எங்கள் கடைக்கு வாரத்துக்கு இரண்டு வரும். காலனி சங்கத்துத் தட்சிணாமூர்த்தி சார் இருபது வருஷத்துக் கடிதங்களைக் கொண்டுவந்தபோது அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பக்கமாகத் திறக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் தனியே எடுக்கலாம். எடுத்தால் முதலில் கட்டமும் புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பைபோல வரும், அதன்மேல் உன் பழைய தமிழ் ஃபான்ட்டைப் போட்டதும் அம்மாவுக்கான ஜெபம் முழுதாக வந்தது. அதே ஃபோல்டரில் "ஸ்கூல் லெட்டர்" என்று இன்னொரு ஃபைல் இருந்தது. அதுவும் திறக்கவில்லை. அதையும் அப்படியே எடுத்தேன்.

மேலே இருந்தது எனக்குத் தெரிந்த கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பை நிறுத்த முடிவு செய்துவிட்டேன், டிசி தந்து உதவவும், இப்படிக்கு ஏசுபாதம். அது முடிந்து ஒரு பக்கம் குப்பை எழுத்து, அதற்கும் கீழே இன்னொரு நாலு வரி. என் லாரி விபத்தால் என் மகள் நாற்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. அது அவள் குற்றம் இல்லை, ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தாள். தயவுசெய்து அவளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத விடுங்கள். கண் கட்டைப் பிரித்ததும் நானே வந்து உங்களைப் பார்க்கிறேன்.

இரண்டு கடிதம் எப்படி ஒரே ஃபைலில் இருக்கும் என்று அக்காவைக் கேட்டேன். அந்தக் காலத்து வேர்டு சீக்கிரம் சேமிப்பதற்காக, நாம் அழித்ததை நிஜமாக அழிக்காதாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே போட்டு வைத்துக்கொள்ளுமாம். அக்கா அதைப் படிக்கவில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாடி, உன் வாயையும் யாராவது டெலிட் பண்ணிட்டாங்களா" என்று கேட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்கள்.

அப்பா அந்த நாலு வரியைச் சொல்லச் சொல்ல நீ டைப் அடித்திருக்கிறாய். பிறகு அழித்துவிட்டு உன் வரிகளைப் போட்டிருக்கிறாய். அப்பா கண்ணில் கட்டுடன் வீட்டில் படுத்திருந்தார், நீ பேனாவைக் கையில் கொடுத்து இடத்தைத் தொட்டுக் காட்டினாய், அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் அவர் கால்மாட்டில்தான் நின்றேன். டிசியோடு வந்து மாடிப்படியில் என்னிடம், "அப்பா போதும்னுட்டாரு அமலி, நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்றாய். உள்ளே போய் அப்பாவிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் சிறுசேரி ஆபீசில் உன்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் பள்ளிக்குப் போகாமல் நானே நின்றிருப்பேன், அண்ணா. நீ கேட்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் போனில், "நீதான் அன்னிக்கு அப்பாகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கலியே" என்று என்னையே சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்துதானே நீ அதைச் செய்தாய். சின்ன வயதில் விருந்தாளி வந்தால் நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன், எனக்காக நீ பேசுவாய். அந்தப் பழக்கத்தில்தான் நீ சொன்னதை நம்பினேன். இரண்டு வருஷமாக அப்பாவுக்குத் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன், கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மருந்து கொடுப்பேன், பேச மாட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மணி ஐந்து. அப்பா எழுந்து காபி குடித்தார். மறைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தக் கடிதத்தின் கீழே அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் முதலில் இருந்து இதுவரை முழுக்கப் படித்துக் காட்டினேன். அந்த நாலு வரி வந்ததும், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "அட்டெண்டன்ஸ் இல்லன்னு ஸ்கூல்ல முடியாதுன்னுட்டாங்கன்னு இல்ல அவன் என்கிட்ட சொன்னான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வருசமா நீ இதுக்காகவாம்மா என் மேல கோவமா இருந்த, நான் கண்ணு போன அப்பன் பாரமா கீறேன்னு நெனச்சிகினேன்" என்றார். உன்னைப் பற்றி மேலே எழுதிய ஒரு வரியைக் கிறுக்கி மறைக்கப் போனேன், பேனா சத்தம் கேட்டு, "இன்னாத்த அடிக்கிற, அடிக்காத, இருக்கறது இருக்கட்டும், அவன் படிக்கட்டும்" என்றார்.

வீட்டுச் சான்றிதழ்களை எல்லாம் நீ கொண்டுபோன நீல நிறப் பிளாஸ்டிக் ஃபைலில் என் டிசியும் இருக்கிறது. நான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறேன். விண்ணப்பத்துக்கு அது வேண்டும், நாள் அதிகமில்லை, இந்த வாரமே கூரியரில் அனுப்பு, மறந்துவிடாதே. ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்பாவுக்குப் போன் செய்து நீயே சொல். நான் அவர் பக்கத்தில்தான் இருப்பேன். ஆசீர்வாதம் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எப்பவும் போல எழுது, புள்ளைக்கு அத்த நிறுத்தக் கூடாது" என்றார். ஆண்டவர் உன்னைக் காப்பாராக, மாதா உன் வழித்துணையாக இருப்பாராக. அம்மாவின் ஜெபம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

கடைசி வரிவரை கேட்டுவிட்டு, இடத்தைத் தானே விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது,
உன் அப்பா,
ம. ஏசுபாதம்

எழுதியதும் படித்துக் காட்டியதும்,
ஏ. அமலராணி