கம்ப்யூட்டரின் வாயை அடைத்தவளுக்கு

அடியே, நெல்மணி அளவுகூட இல்லாத இரும்புத் துண்டு ஒன்று என் உள்ளங்கையில் கிடக்கிறது. இயர்போன் வயரின் முனை. ஓர் ஈர்க்குச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன்னுடையதுதான். நீ செத்துப் போய் ஒரு வருஷம் கழித்து உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், கள்ளி! இதை உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சூளையிலிருந்து வரும் பீங்கான் கப்புகளை நாம் இருவரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்து வைப்போம். நல்ல கப்பு கணீரென்று சொல்லும். கீறல் விட்டது சொத்தென்று கேட்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீஸ். அங்கே சார் காலையிலிருந்து கம்ப்யூட்டரில் பாட்டை அலறவிடுவார். “இந்தக் கூத்துல கப்பு சொல்றது எப்பிடிடி கேக்கும்?” என்று நீ கண்ணை மூடி, கப்பைக் காதோடு ஒட்டி வைத்துத் தட்டுவாய். சாரிடம் இரண்டு முறை சொன்னாய், அவர் சிரித்தார். மூன்றாவது முறை நீ சொல்லவில்லை. அந்த வாரமே கம்ப்யூட்டருக்குச் சத்தம் நின்றுபோனது.

பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கமெல்லாம் குடைந்துவிட்டு, “உள்ள போயிடுச்சி சார்” என்றான். நீ பக்கத்தில் நின்று, முகம் கொஞ்சமும் மாறாமல், “போனது போவட்டும் வுடுங்க சார், படம்தான் வருதுல்ல” என்றாய். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் பாட்டுக் கேட்டு வருவாயே, அந்த இயர்போன் முனையில்லாமல் கிடந்தது. கேட்டதற்கு, “எலி கடிச்சிடுச்சிடி” என்றாய். நானும் நம்பினேன்!

இன்று காலை ஒரு வம்பு வந்தது. போன சரக்கில் கீறல் கப்புகள் போய்விட்டன. நீ இல்லாத மேசையில் நான் தனியாகத் தட்டியவை. தட்டுகிற ஆளை வீடியோவில் பார்க்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்று சென்னை வியாபாரி சொல்லிவிட்டார். என் வேலையே அதில்தான் இருந்தது. நம் தகரக் கூரைக்கு அடியில் போன் எடுக்காது, கம்ப்யூட்டர்தான் கதி. அவர் முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நான் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டினேன். ‘கீறல் கப்பத்தான் அனுப்புவீங்களா?’ என்று கேட்டாரோ என்னவோ, அவர் முகம் கோணிப்போனது. சார் அவருக்குப் போன் போட வாசலுக்கு ஓடினார்.

நான் சத்தக் குறியை அழுத்திப் பார்த்தேன். ஹெட்போன் மாட்டியிருப்பதாகத் திரை காட்டியது. யாரும் எதையும் மாட்டவில்லையே! பெட்டியின் முன்பக்கத்தைத் தடவினேன். ஆபீஸ் முழுக்க வெள்ளைத் தூசி என்பதால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. ஹெட்போன் ஓட்டையைக் களிமண்ணால் பூசி, கப்பில் பிடி ஒட்டிய இடத்தை நீவுவதுபோல் விரலால் நீவியிருந்தாய். உன் விரல் ரேகை அப்படியே இருந்தது. அதைச் சுரண்ட மனம் வரவில்லை. அழுதேன். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஹேர்பின்னால் சுரண்டினால், உள்ளே ஏதோ மின்னுகிறது! ஈர்க்குச்சி நுனியில் துளி பசை தடவி, ஒட்டவிட்டு மெல்ல இழுத்தேன்.

“ஹலோ! ஏம்மா, காதுல வுழுதா?”

வியாபாரியின் குரலில் ஆபீஸே அதிர்ந்தது. “வுழுதுங்க! நல்லா வுழுதுங்க!” என்று கத்திவிட்டேன்.

தட்டினேன். ஏழெட்டுக் கப்பு தாண்டி ஒன்று சொத்தென்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஒதுக்கி வைத்தேன். “இந்தக் காதுதாம்மா எனக்கு வேணும்” என்றார். இனியும் அவர் சரக்கு எடுப்பது நம்மிடமேதான்! நீ இருந்தால் உன்னைத் தூக்கிச் சுற்றியிருப்பேன்.

ஆனால் சத்தம் வந்த சந்தோஷத்தில் சார் மறுபடியும் பாட்டைப் போட்டுவிட்டார். அரை மணியில், தட்டி வைத்த கப்பையெல்லாம் திரும்பத் தட்ட வேண்டியதாயிற்று. மெதுவாக வைக்கச் சொன்னேன். சிரித்தார்.

முனையைத் திரும்ப ஓட்டையில் செருகினால் வெளியே தெரியாதபடி ஈர்க்குச்சியைக் குட்டையாக ஒடித்துவிட்டேன். ஈரக் களிமண் ஓர் உருண்டை எடுத்து வைத்திருக்கிறேன். இனி அதில் என் ரேகை இருக்கும். வியாபாரி கூப்பிடும் நாளில் மட்டும் எடுத்துவிடலாம். மெக்கானிக் வந்தால் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம்: “போனது போவட்டும் வுடுங்க சார், படம்தான் வருதுல்ல.”

சார் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். போயிட்டு வரேன்டி.