மெத்தைக்கு ஒரு கைப்பம்பு

மார்ச் 4, செவ்வாய்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இன்றும் மின்சாரம் போனது. காற்று மெத்தையின் மோட்டார் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. மெத்தை மெல்ல மெல்லச் சப்பையாகி, என் மனைவி கட்டில் பலகையில் போய்ப் படிந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவளுக்கு முதுகு அழுந்தினால் புண் வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் விசிறியால் வீசிக்கொண்டு நின்றேன்.

"விசிறிக்காத்து மெத்தைக்குள்ள போகாதுங்க" என்றாள்.

மாலையில் அவள் தம்பி போன் செய்தார். என்னைவிட வயதில் சிறியவர், குரலில் பெரியவர். "அத்தான், அக்காவ என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன். இங்க ஜெனரேட்டர் இருக்கு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை, பதினாறாம் தேதி, வண்டியோட வர்றேன்."

"யோசிக்கலாம்" என்றேன். எனக்கு எப்போதும் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 5, புதன்

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரிடம் தயங்குவது?

இன்வெர்ட்டர் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வயரிங் பழசாம். சைக்கிள் பம்பால் முயன்றேன். டயருக்கு வேண்டியது அழுத்தம். மெத்தைக்கு வேண்டியது ஏராளமான காற்று. தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்றாள் படுத்தபடியே.

அகலமான பம்பு ஒன்றை நானே செய்தால் என்ன? செய்ய முடியுமா? படித்தது உண்டு. படித்ததற்கும் செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

உருளைக்கு எது நல்லது? எண்ணெய்த் தகரத்தில் உள்பக்கம் பற்றுவைத்த தடிப்பு ஓடுகிறது, உள்ளே காற்றை அடைக்கும் வாஷரைக் கிழித்துவிடும். இரும்புக் குழாய் கனம், துருவும் பிடிக்கும். பிளாஸ்டிக் குழாய் உள்ளே வழவழப்பு. ஆனால் உருண்டை சரியாக இருக்குமா? கடையில் ஒவ்வொரு குழாயாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், குழாய் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார்.

கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு எதிலும் கோணல் இல்லை என்று உறுதியானதும் நாலு அங்குலக் குழாய் ஒன்றை வாங்கினேன்.

மார்ச் 8, சனி

உள்ளே ஏறி இறங்கும் வட்டம் மரத்தில் செய்திருந்தேன். நேற்று வழுக்கிக்கொண்டு போனது. இரவெல்லாம் மழை. இன்று காலை குழாய்க்குள் சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது. மரம் ஈரத்தில் உப்பும் என்பது பள்ளிப் பாடம். அந்தத் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் வேறு.

ஈரத்துக்கு அசையாத பிளாஸ்டிக் பலகை வேண்டும். சமையலறையில் ஒன்று இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

"வெங்காயம் நறுக்குற பலகை எங்கங்க?"

படுக்கையில் இருப்பவளுக்கு இது எப்படித் தெரிகிறது?

"இப்போ வட்டமா இருக்கு" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வாஷர். ரப்பர் ஒட்டிக்கொண்டு இழுவையாக வருகிறது. வழுக்க மெஷின் எண்ணெய் விட்டேன். ரப்பர் உப்பிக் கொழகொழத்துவிட்டது. ஆகவே தோல்தான். கிண்ணம்போல வளைத்து வைத்தால் அழுத்தும்போது விளிம்பு விரிந்து அடைக்கும், இழுக்கும்போது சிக்காமல் வழுக்கி வரும்.

அலமாரியில் அவளுடைய கைப்பை இருந்தது. தம்பி வாங்கிக் கொடுத்தது. 'அசல் தோல்' என்று வருகிறவர்களிடமெல்லாம் அவரே தடவிக் காட்டுவார். அவளிடம் கேட்டேன். பையை வாங்கி ஒரு முறை துடைத்துவிட்டு, "மூடியை மட்டும் எடுத்துக்கோங்க" என்றாள்.

மார்ச் 12, புதன்

வெந்நீர்க் கிண்ணத்தில் ஊறவைத்த மூடி வெயிலில் காய்ந்த சுவரொட்டியைப் போல உரிந்துவிட்டது. உள்ளே வெறும் துணி.

எப்படிச் சொல்வது என்று நடையில் நின்று ஒத்திகை பார்த்தேன். கடைசியில் கிண்ணத்தை அவள்முன் நீட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"இதையா நான் துடைச்சுத் துடைச்சு வச்சேன்?"

பிறகு, "அவன்கிட்ட சொல்லாதீங்க. பாவம், அவனும் ஏமாந்திருப்பான்" என்றாள். நான் சொல்வேனா?

என் ஆபீஸ் பையை அறுத்தேன். அது அசல்.

மார்ச் 15, சனி

முடிந்தது. தோலை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, வளைத்து, பலகை வட்டத்தில் இறுக்கியாகிவிட்டது. அடித்தட்டில் இரண்டு துளை. ஒன்று அறைக்காற்றை உள்ளே விட. மற்றொன்று அதை மெத்தைக்கு அனுப்ப. இரண்டுக்கும் சைக்கிள் ட்யூபில் வெட்டிய மூடிகள். ஒவ்வொரு மூடியையும் வாயால் ஊதியும் உறிஞ்சியும் சோதித்தேன். இரண்டும் பழுதில்லை. தட்டைக் கவிழ்த்துக் குழாயோடு ஒட்டினேன். சமையலறையில் அடித்துப் பார்த்தபோது கன்னத்தில் குப்பென்று காற்று பட்டது.

நாளை பதினாறு.

மார்ச் 16, ஞாயிறு

மைத்துனர் வண்டியோடு வந்தார். அவளுடைய துணிமணிகளை எடுத்துவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போனது. முதல் முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

"ஒரு நிமிஷம்" என்று பம்பைக் கொண்டுவந்து, அதன் வலது துளையை ஒரு ரப்பர் குழாயால் மெத்தையோடு இணைத்தேன். அடித்தேன். கைப்பிடி பட்டுப்போல ஏறி இறங்கியது. முகத்தில் காற்று அடித்தது. என் முகத்தில் ஏன் அடிக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இன்னும் வேகமாக அடித்தேன்.

"அத்தான்" என்றார் மைத்துனர். "இன்னும் நாலு அடி அடிச்சீங்கன்னா அக்கா தரைக்கே வந்துடுவா."

நிமிர்ந்து பார்த்தேன். மெத்தை இரு பக்கமும் ஒட்டி, அவள் பலகைமேல் கிடந்தாள். இந்த வேகத்தில் அது என்றுமே இறங்கியதில்லை. தட்டைக் கவிழ்த்து ஒட்டினேனே — கவிழ்த்தால் இடது வலதாகாதா! எதையெல்லாம் சோதித்தேன், இதை விட்டேன். நான் மெத்தையின் காற்றை உறிஞ்சி அறைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இடுப்பு வலிக்குது..." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"சரி அக்கா, கிளம்பலாம்" என்றார் தம்பி.

"டேய், பொறுடா. உறிஞ்சுறதுலயே இந்த வேகம்னா, ஊதுறதுல எப்படி இருக்கும்? என்னங்க, ரப்பர் குழாயை அடுத்த ஓட்டைல மாட்டுங்க."

மாட்டினேன். அடித்தேன். மெத்தை அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

மைத்துனர் தாமும் அடித்துப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "பரவாயில்லையே! ஆனா இந்த வயசுல தினம் யாரு இதை அடிக்கிறது? உங்க தோள் தாங்குமா? நீங்களே சொல்லுங்க அத்தான். அக்கா வரட்டுமா, வேண்டாமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"யோசிக்கலாம்" என்றேன்.

வண்டி காலியாகத்தான் போனது. மாதம் பிறந்ததும் மறுபடி கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 17, திங்கள்

காலையில் காபி கொடுத்தபோது அவள் சொன்னாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு நாலு அங்குலக் குழாய் வேணும், வெட்டுப்பலகை வேணும், ஆபீஸ் பை வேணும். வாய் மட்டும் வேணாம், இல்ல?"

பம்பின் தோலுக்கு இன்னொரு முறை விளக்கெண்ணெய் தடவினேன்.

மார்ச் 24, திங்கள்

மின்சாரம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போனது. அடித்தேன். தோள் வலிக்கிறது, ஆனால் கழலவில்லை. முதுகைப் பார்த்த டாக்டர், "புண் எதுவும் இல்லையே, யார் கவனிச்சுக்கறாங்க?" என்றார். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். நான் ஏனோ ஜன்னலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பிற்பகல் மைத்துனர் போன். அவள் பேசிவிட்டு, "அதை உங்க அத்தான்கிட்டயே கேளு" என்று போனை என் கையில் திணித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பட்டுமா அத்தான்?"

"வேண்டாம்."

நான்தான் மேலே பேசியாக வேண்டும் போலிருந்தது.

"அவ இங்கயே இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"அக்கா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கோபமாகப் பேசிவிட்டேனோ? நாளை ஒரு போன் செய்து...

"என்னங்க" என்றாள் அவள். "கரண்ட் போய் எவ்வளவு நேரமாச்சு! நான் இறங்கிட்டே இருக்கேன்."

அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. பயத்தில்தான் அப்படி வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.