வளைந்த கியர் ராடு

என் செல்ல அப்பாவுக்கு,

ஜீப்பை விற்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்தேன். ஆனால் நீங்கள் வெல்டு வைத்த இடத்திலேயே கியர் ராடு ஒடிந்துவிட்டது. அவ்வளவு பழைய ஜீப்புக்கு அசல் ராடு போடி டவுனில் எந்தக் கடையிலும் இல்லை. "வேற ராடு போட்டு, ஆளை ஏத்திக்கிட்டு மலை ஏறிக் காட்டு. இல்லேன்னா வித்துருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கடையில் இரண்டு ராடு எடுத்து வைத்தார்கள். ஒன்று குட்டை, பளபளவென்று. இன்னொன்று நீளம், ஓட்டுகிறவர் பக்கம் வளைந்தது. கூட வந்த மாமா குட்டையை விடவே இல்லை. "இதான் வெரசா விழும். நீளத்தை ஏத்தத்துல இழுத்துப் போடுறதுக்குள்ள வண்டி நின்னுரும்."

எனக்கு நம் முன்சீட்டு ஞாபகம் வந்தது. நடுவில் நான், முட்டிகளுக்கு இடையே கியர். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் "காலை ஒதுக்கு ஆத்தா" என்பீர்கள். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் அங்கே உட்காரவே மாட்டார்கள். கியர் போடுகிற கை மேலே படும் என்ற கூச்சத்தில் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். சின்னப் பிள்ளை என்பதால் என்னை அங்கே வைத்தீர்களா, பக்கத்தில் இருக்கட்டும் என்றா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

பத்தாவதோடு நின்றவள், வகுப்பிலும் வாய் திறக்காதவள், அன்று சொல்லிவிட்டேன்: "வளைஞ்சதுதான் வேணும்."

கடைக்காரர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "அட, ஒம் மருமகளுக்குப் பேச்சு வருதேய்யா!"

இன்று காலை ஜீப்பில் குரங்கணிக்கு மேலே மலை ஏறினோம். பின்னால் அம்மாவும் எஸ்டேட் பெண்களும். அவர்களில் பேச்சியக்காவை நடுசீட்டுக்குக் கூப்பிட்டேன். "அங்கனயா? முட்டிய இடிக்கும்டி" என்று முனகிக்கொண்டே தன் பருமனோடு ஏறி உட்கார்ந்தார்.

செங்குத்தான வளைவில் வண்டி திணறியது. கடையில் மாமா சொன்னது ஞாபகம் வந்தது. ராடை இழுத்தேன். என் பக்கமாகவே வந்து விழுந்தது, இரண்டாவது கியர். வண்டி ஏறிவிட்டது அப்பா!

"முட்டில ஒண்ணும் படலையே! கியரே போடாம ஏத்திட்டியே, புள்ள!" என்றார் பேச்சியக்கா.

"போட்டா. எனக்குச் சத்தம் கேட்டுச்சு" என்றாள் அம்மா பின்னாலிருந்து. கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கெளம்பணும். தூங்கிராதே" என்றாள்.

இனி நம் ஜீப்பில் யாரையும் காலை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து உட்கார்ந்தாலும்தான்.

உங்கள் நடுசீட்டு மகள்,
மீனா