முதலில் வந்த எண்

அத்தான்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேசையருகே உட்கார்ந்து அவள் எதையோ மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம் கேட்டதுமே அது என்ன என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் போனால் அதே வாடை. ரெக்சின், பழைய வியர்வை, உங்கள் பவுடர், மூன்றும் சேர்ந்து புளித்த வாடை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் பிரஷர் மெஷினின் பட்டையை இன்னும் யாரும் துடைக்கவில்லை.

மெஷின் காற்றடித்து, முனகி, ஓர் எண்ணைக் காட்டியது. அக்கா அதைப் பார்த்த கையோடு அழித்தாள்.

"என்னக்கா, எழுதாம அழிச்சிட்டே?"

"முதல்ல வர்றதை விட்டுரணும்லா. அது கூடுதலாத்தான் காட்டும். ரெண்டாவது, மூணாவது எடுத்தா சரியாயிரும்." அதற்குமேல் கொஞ்சம் பெருமையோடு ஒரு வார்த்தை. "நீ சொல்லிக்குடுத்ததுதானே. உங்க அத்தான் எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

எவ்வளவு காட்டியது என்று நான் கேட்கவில்லை. டீயைப் பாதி குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இப்போது அவள் கையிலும் அந்தப் பட்டை ஏறிவிட்டது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன் இல்லை. சொல்வதற்கு முன்னால் உங்களிடம் எழுதிப் பார்க்கிறேன்.

உங்களுக்குப் புதுச் சாமான் என்றால் பைத்தியம். சாலைக் கடைத்தெருவில் ட்யூப்லைட்டும் சுவிட்சும் ஒயரும் விற்கிற கடை உங்களுடையது. ஆள் வந்து அரை மீட்டர் ஒயர் கேட்டு நிற்பான். நீங்கள் எதிர்க்கடை மச்சில் லேசர் விளக்கின் சிவப்புப் பொட்டை ஓடவிட்டுக்கொண்டிருப்பீர்கள். பேஜர் வந்த புதிதில் ஒன்று வாங்கினீர்கள். உங்களுக்குச் செய்தி அனுப்ப இந்த ஊரில் ஒருத்தருக்கும் அவசியம் இல்லை. நீங்களே தம்பானூர் டெலிபோன் பூத்துக்குப் போய், ஆபரேட்டர் பெண்ணிடம் 'கம் ஹோம்' என்று உங்களுக்கே செய்தி கொடுத்துவிட்டு, இடுப்பில் அது அதிர்வதைக் காத்துக்கொண்டு நின்றீர்கள். அதிர்ந்ததும் எடுத்துப் படித்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு மானம் போயிற்று. உங்கள் முகத்தில் யாரோ நிஜமாகவே கூப்பிட்டது மாதிரி ஒரு சந்தோஷம்.

பிறகு இன்டர்நெட் வந்தது. இலவசமாக இடம் தருகிற ஏதோ தளத்தில் கடைக்கு ஒரு பக்கம் போட்டீர்கள். எழுத்தெல்லாம் கண்ணைச் சிமிட்டும். அடியில், இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்.

"இன்னைக்கு மட்டும் நூத்திப்பத்து பேரு வந்திருக்கான், கேட்டியா மாப்ளே?"

"நூத்தி ஒம்பது தடவை திறந்தது நீங்கதான், அத்தான்."

"செரி. அப்போ பாக்கி ஒருத்தன் ஆரு?"

"அது நான்."

அதற்கும் சிரித்தீர்கள். உங்களைக் கேலி செய்வது சுவரில் பந்தெறிவது மாதிரி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று ஒரு பெட்டியைச் சுவரில் செருகி வைத்தீர்களே, அதை உங்கள் கண் முன்னாலேயே உடைத்துக் காட்டினேன். உள்ளே ஒரு சின்ன விளக்கும், எடைக்கு ஒரு சிமெண்டுக் கட்டியும். "விளக்கு எரியுதுல்லா, பின்னென்ன" என்றீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் நான். மீட்டர் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. கருவி பொய் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் சொந்த அத்தான், பொய் சொல்கிற கருவியாகப் பார்த்து வாங்கி வீட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி, காலையில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்த வருஷம், பக்கத்து வீட்டுச் சேச்சியின் தம்பி துபாயிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்தான். அதை மட்டும் நான் கேலி செய்யவில்லை. கழற்றிப் பார்த்தேன், நல்ல கருவி. எங்கள் லேபில் வைத்துச் சோதித்தும் கொடுத்தேன். நீங்கள் வாங்கிக் குவித்த அத்தனை குப்பையிலும் உண்மை பேசிய சாமான் அது ஒன்றுதான்.

அளந்ததை எழுதிவைக்க நீங்கள் ஒரு தளம் கண்டுபிடித்தீர்கள். எண்ணைப் போட்டால் கோடு வரைந்து காட்டும். நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு மூஞ்சி சிரிக்கும். மேலே போனால் சிவப்பு மூஞ்சி வாயைக் கோணிக்கொள்ளும். வியாதிக்காரனுக்கு மூஞ்சி காட்டுகிற யோசனை எந்த மடையனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. சிவப்பு மூஞ்சி வந்த அன்றெல்லாம் எனக்கு போன் வரும். ஒரு தடவை ஒரே வாரத்தில் மூன்றாவது போன் வந்தது. மத்தியானம், கேன்டீனில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு ஊற்றியிருந்தேன்.

"மாப்ளே, காலைல நூத்தி எழுபத்தெட்டு காட்டிச்சு."

"அப்புறம் எடுத்தீங்களா?"

"அஞ்சாறு தடவை எடுத்தேன். கடைசியில நூத்தி முப்பத்தெட்டு. இப்போ எதைப் போடணும்?"

"கூட்டத்துல சேராம ஒண்ணு மட்டும் தனியா நின்னா அது தப்பு, அத்தான். தூக்கிப் போடுங்க."

"தூக்கிப் போடலாமா? பிரச்சினை ஒண்ணும் இல்லியே?"

"சாரமில்ல. தூக்கிப் போடுங்க."

சாரமில்ல. இந்த மலையாள ஊர் நமக்குக் கொடுத்த சொல். பரவாயில்லை, பெரிசில்லை, விட்டுத்தள்ளு, எல்லாவற்றுக்கும் இது ஒன்று போதும். நீங்கள் அந்தப் பக்கம் அக்காவிடம் "எஞ்சினீயர் சொல்லியாச்சு" என்று உரக்கச் சொன்னது கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

எனக்குக் கல்லூரியில் சொல்லித்தந்தது இப்படி அல்ல. ஓர் அளவு தனியே விலகி நின்றால், ஏன் விலகியது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டு, காரணம் தெரிந்த பிறகுதான் தள்ளலாம். அந்தப் பாதியை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. என் புரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து அந்த போன் வரவே இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன். பிடித்த எண் வரும்வரை அளந்தீர்கள், பிடிக்காததைத் தளத்திலிருந்து நீக்கினீர்கள், வாரம் முழுக்கப் பச்சை மூஞ்சி சிரித்தது. பச்சையாகவே இருக்கிறதே என்று மாத்திரையைப் பாதியாக உடைத்தீர்கள். பிறகு அதையும் விட்டீர்கள். ஏழு மாதம் கழித்து ஒரு காலையில், கடையின் ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் கிடந்தீர்கள். உங்களுக்கு நாற்பத்துநான்கு வயது.

காரியம் முடிந்து பத்து நாளுக்குள் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்த உங்கள் மெயிலுக்கு அந்தத் தளத்திலிருந்து கடிதம். இந்த வாரம் நீங்கள் ஒன்றும் பதியவில்லையே, உங்களைக் காணாமல் வருந்துகிறோம் என்று, கூடவே அந்த மூஞ்சி. அடுத்த வாரமும் வந்தது. அதை நிறுத்தத்தான் உங்கள் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை, அக்காவின் பெயர்தான். உள்ளே கோடு அழகாக, சமமாக ஓடியது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். 'நீக்கியவற்றையும் காட்டு'. நீங்கள் தூக்கிப் போட்டதை அந்தத் தளம் தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வைத்திருந்தது.

கட்டத்தைத் தட்டினேன். எல்லாம் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் எடுத்தவை. நூற்று எழுபத்தாறு, நூற்று எண்பது, நூற்று எண்பத்தேழு. ஒரு நாள் தப்பாமல். ஏழு மாதக் காலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டே போயிருந்தன. அதில் தனியாக நின்றது என்று ஒன்றுகூட இல்லை. மெஷின் ஒவ்வொரு காலையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

உங்களைப் பார்த்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர். முதல் ரீடிங்கை விட்டுவிடச் சொல்வது டாக்டர்களும் செய்வதுதான், ஆனால் அடுத்த இரண்டை அப்படியே எழுத வேண்டும், குறையும்வரை எடுத்துக்கொண்டே போகக் கூடாது, மாத்திரையை நிறுத்தியது உங்கள் தப்பு என்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "சாரமில்ல மோனே." அதற்கப்புறம் ஆபீஸில் ஒரு நண்பனிடம் சொன்னேன். அவனும் அதையேதான் சொன்னான். மூன்றாவது ஆளிடம் நான் சொல்லவில்லை.

இங்கே நிறுத்திவிட்டு அக்காவிடம் போனேன், அத்தான். மிச்சத்தை எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது.

அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீ அழிச்சியே, அது எவ்வளவு?"

"எது?"

"முதல்ல வந்தது."

"அதை எதுக்குலே இப்போ கேக்கே?"

சொன்னேன். போனில் பேசியது, தளம், கட்டம், காலை எண்கள், டாக்டர், புரோட்டா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை, நறுக்கவும் இல்லை.

"காலைல எடுத்தது எல்லாமா?"

"எல்லாம்."

"எத்தனை மாசம்?"

"ஏழு."

மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பக்கத்துல உக்காந்து எண்ணை வாசிக்கிறது நாந்தான். சிவப்பு மூஞ்சி வந்தா, 'இதை அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க'ன்னு நானே சொல்லுவேன். அவருக்கு மனசு கெட்டுரப்பிடாதேன்னு. தம்பி சொன்னதுதானேன்னு."

இதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இரண்டு வருஷம் யோசித்ததெல்லாம் அவள் என்னை மன்னிப்பாளா, ஏசுவாளா என்றுதான். என் சுமையை இறக்கப் போய் அதில் பாதியை அவள் மடியில் வைத்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாய்க்கு வந்தது அந்தப் பாழாய்ப்போன சொல்தான். விழுங்கிக்கொண்டேன்.

"நீ இப்போ போ," என்றாள் அக்கா.

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "நூத்தி அறுபத்தெட்டு."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. டாக்டரிடம் போயிருக்கிறாள், பக்கத்து வீட்டுச் சேச்சியோடு. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சேச்சிதான் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார். ஆனால் ஆறாம் நாள் காலையில் என் போனில் ஒரு மெசேஜ் வந்தது. 166. அவ்வளவுதான். அக்காவுக்கு போனில் எழுத்து அடிக்க வராது, எண் மட்டும்தான் அனுப்புவாள். அதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்தது. மறுநாள் 170. அதற்கடுத்த நாள் 161. தினமும் காலையில் ஒன்று. நான் பதில் போடுவதில்லை. நன்றாக இருக்கிறது என்றோ, பயமாக இருக்கிறது என்றோ சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவே. மூன்று நாள் ஏறியபோது மட்டும் சேச்சிக்கு போன் செய்து, மறுபடி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார்கள்.

ஆபீஸில் புதுப் பையன்கள் வந்து, "சார், ஒரு ரீடிங் மட்டும் ஒத்துவரலை" என்கிறார்கள். ஏன் என்று கேட்டுவிட்டு வா என்று அனுப்புகிறேன். உங்களால் நான் பாடம் படித்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன். ஒருத்தர் செத்து இன்னொருத்தன் பாடம் படிப்பது கேவலமான ஏற்பாடு.

இன்று காலை வந்தது 148. கூடவே, இடம் நிறைந்துவிட்டது, எதையாவது அழி என்று போன் சொன்னது. என்னுடையது பழைய போன், நூறு மெசேஜுக்கு மேல் தாங்காது. ஆபீஸ் மெசேஜ்களை அழித்தேன். நண்பர்கள் அனுப்பிய ஜோக்கை எல்லாம் அழித்தேன். அக்காவின் எண்களில் ஒன்றையும் தொடவில்லை. இப்படியே போனால் சீக்கிரம் பெரிய போனாக ஒன்று வாங்க வேண்டிவரும். நீங்கள் இருந்திருந்தால் எந்த மாடல் வாங்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. அரை மணி நேரம் கேட்டிருப்பேன், அத்தான்.