தம்பதிக்கு ஒரே கோப்பு

ஸால்மியா, குவைத்
வியாழன் மாலை

அன்புள்ள இனாஸ்,

உன்னையும் உன் அம்மாவையும் இறைவன் நலமாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் நம் மகள் ஸெய்னாவும் சுகம். வீடு மட்டும் தூசி. மூன்று நாளாகக் காற்று அடித்து ஜன்னல் விளிம்பெல்லாம் மாவு சலித்தது போல இருக்கிறது. நான் துடைக்கவில்லை. நாளையும் அடிக்குமாம்.

இதை நம் பள்ளியின் உஸ்தாத் பஹ்கத் கொண்டுவருகிறார். நாளைக் காலை விமானத்தில் அலெக்சாந்திரியா வந்து, மாலைத் தொழுகைக்கு முன் உன் அம்மா வீட்டில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் நடைச்சட்டக் கால்களுக்கு ரப்பர் மூடிகளும் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கே விற்பவை ஒரு வாரத்தில் பிளந்துவிடுகின்றன என்று நீ சொன்னாயே.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "அப்புறம் பார்ப்போம்" என்பாய். பின்னாலிருந்து உன் அம்மா, "யாரு, மருந்துச்சீட்டு எழுதத் தெரியாத டாக்டரா?" என்று கேட்பார். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவனை இருபது வருடமாக இப்படித்தான் கேட்கிறார். எனக்குக் குரல் உயரும். நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கட் பள்ளியின் முதல்வர் மார்லீஸ் செவ்வாய்க்கிழமை என்னை அழைத்தார். நம் இருவரில் உன்னை மட்டும் வேலைக்கு எடுக்க அவர் விரும்புவதும், போன வாரமே நீ முடியாது என்று சொல்லிவிட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தை அவர் ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். அதற்குள் நீ அவரை அழைத்துச் சம்மதம் சொல்லிவிடு. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மீதியெல்லாம் என் வழக்கமான புலம்பல்.

நீ என்னிடம், "இன்னும் பதில் வரலை" என்றாய். நான் அதை நம்பி ஒரு வாரம் அந்தப் பெண்மணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதில் போடக்கூட மரியாதை இல்லாத டச்சுக்காரி என்று ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். இனி அவர்களிடம் என்ன சொல்வது?

இந்த நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். உலகத்தில் வேறெந்தத் தொழிலில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது? அடுத்த வேலை கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே, நவம்பர் மாதமே, "இருக்கிறீர்களா, போகிறீர்களா?" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். போகிறேன் என்று சொல்லாதவனுக்குப் பரிந்துரை எழுதமாட்டார்கள். பரிந்துரை இல்லாதவனை வேறெந்தப் பள்ளியும் ஏறிட்டுப் பார்க்காது. சொல்லிவிட்டாலோ அடுத்த வாரமே நம் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உன் அறைக்கு வரப்போகிறவள் இப்போதே வந்து திரைச்சீலையின் அளவைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஸ்காட்லாந்திலிருந்து ரோரி என்று ஒரு பையனைக் கொண்டுவந்து எனக்கு மேலே துறைத்தலைவராக வைத்த அன்று, இருவரும் பேசித்தான் "போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டோம். அந்தப் பையனுக்கு அமிலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. அவன் வெளியூரிலிருந்து எடுக்கப்பட்டவன், அதனால் வீடும் விமானச் சீட்டும் பள்ளியின் செலவு. நான் குவைத்திலேயே அகப்பட்டவன், அதனால் உள்ளூர் ஒப்பந்தம். பதினான்கு வருடமாக நான் உள்ளூர்க்காரன், விசா விஷயத்தில் மட்டும் வெளியூர்க்காரன்.

கையெழுத்துப் போட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஜூலையில் விசா முடிகிறது என்பதுதான் கவலை.

தம்பதியாக விண்ணப்பிப்போம் என்று சொன்னது பஹ்கத். தம்பதி என்றால் பள்ளிகள் விழுந்தடித்துக்கொண்டு எடுக்கும், ஒரு வீடு கொடுத்தால் இரண்டு வேலையாள் கிடைக்கிறார்களே என்றார். நாமும் ஒரே கோப்பில் இரண்டு பெயரும் போட்டு, கடற்கரையில் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றையும் ஒட்டி அனுப்பினோம். அந்தப் படத்தில் எனக்கு வெயில் கண்ணில் அடித்தது, அதைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எத்தனை பள்ளிகள் அதைத் திறந்து பார்த்திருக்கும்? என் பெயரையும் கடவுச்சீட்டையும் பார்த்ததுமே மூடியவர்கள் பாதிப் பேர். "தாய்மொழி ஆங்கிலம்" வேண்டுமாம். உப்பும் நீரும் பிரிவதற்கு எந்த மொழி தாய்மொழி?

மஸ்கட் மட்டும்தான் அழைத்தது. அங்கேயும் வேதியியல் இடம் ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு ஒரு கணித ஆசிரியர் தேவைப்பட்டிருக்கிறார், அயர்லாந்துக்காரர் ஒருவர் கிடைத்தார், அவர் மனைவி வேதியியல் படித்தவள். தம்பதியாகப் போய் இன்னொரு தம்பதியிடம் தோற்றேன். பஹ்கத்திடம் இதைச் சொன்னபோது அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். "டாக்டரே, கோவப்படறதுக்கு யாராவது சம்பளம் குடுத்திருந்தா, நீ இந்நேரம் அந்தக் குவைத் கோபுரத்தையே வெலைக்கு வாங்கியிருப்ப" என்றார். அவருக்கு என்ன, அரபு ஆசிரியர். அவருக்குப் பதிலாக ஸ்காட்லாந்திலிருந்து யாரையும் கொண்டுவர முடியாது.

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை. ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மார்லீஸ் அழைத்தார். சுற்றி வளைக்காமல் பேசினார், அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அத்ஹம், உங்க மனைவி பாடம் நடத்திக் காட்டுனதை நான் பாத்தேன். அன்னைக்கே அவங்களை எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். கேட்டேன். 'என் கணவருக்கு இடமில்லாத பள்ளியில எனக்கும் வேலை வேண்டாம்'னு சொல்லி, நன்றியும் சொல்லி வச்சிட்டாங்க. அவங்க மனசை மாத்தணும்னா அது உங்களாலதான் முடியும்."

எனக்கு ஏன் இடமில்லை என்று கேட்டேன். அயர்லாந்துப் பெண் அல்லாமல் வேறு காரணம் உண்டா என்று கேட்டேன். சொன்னார்:

"நீங்க நல்ல ஆசிரியர்னு எனக்குத் தெரியுது. ஆனா நான் எதைக் கேட்டாலும் நீங்க விட்டுட்டு வர்ற பள்ளியைப் பத்தியே சொன்னீங்க. என் பள்ளியைப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலை."

ஏன் அந்தப் பள்ளியை விடுகிறீர்கள் என்று கேட்டவர் அவர். உள்ளதைச் சொன்னேன். அமைச்சக அதிகாரியின் மகனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டச் சொன்னதையும், கூட்டாததற்காக என்னை மூன்றாம் மாடிக்கு மாற்றியதையும் சொன்னேன். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாரா? "புதிய சவால்களைத் தேடுகிறேன்" என்று எல்லோரும் ஒப்பிப்பதை நானும் ஒப்பித்திருக்க வேண்டுமாம். பேட்டிக்கு முன் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டபோது ஸெய்னா வந்து நின்று, "பாபா, நீங்க பேட்டிக்குப் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டாள். உன் மகள்தானே. உன் வாய் அப்படியே இருக்கிறது.

உன் வார்த்தைக்கு வருகிறேன். என் கணவருக்கு இடமில்லாத பள்ளி. அழைப்பு முடிந்த பிறகும் குழாயை மூட மறந்து நின்றிருந்தேன். எனக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை நான் மறப்பதில்லை, அது உனக்கே தெரியும், அதற்காகப் பல தடவை சண்டை போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாமல், எனக்காக ஒருத்தி இப்படிச் செய்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இரவுச் சாப்பாட்டுக்கு முலூக்கியாக் கீரைச் சாறு வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்க விமானம் ஏறிப் போனால், அதை நான் எங்கே வைத்துக்கொள்வது? கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உன் அழைப்புகளை எடுக்காததற்கு அதுதான் காரணம். குழாய் ரிப்பேர், பேச நேரமில்லை என்று செய்தி அனுப்பியது பொய். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை ஸெய்னா என் எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். கடைசி இரண்டு வருடங்களுக்கான பாடங்களை இந்த மாதத்துக்குள் அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். "பாபா, நான் எந்த நாட்டுக்குப் பாடம் எடுக்கணும்?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. நம் பள்ளியில் படித்ததை அலெக்சாந்திரியாவில் எந்தப் பள்ளியும் அப்படியே எடுத்துக்கொள்ளாது. இதே பாடத்திட்டத்தைத் தனியார் பள்ளியில் படிக்க வைக்க நம்மால் முடியாது. ஆசிரியர் பிள்ளை என்பதால்தான் இதுவரை கட்டணமில்லாமல் படித்தாள். மஸ்கட்டிலும் ஆசிரியர் பிள்ளையாகப் படிப்பாள், அம்மா ஆசிரியராக இருந்தால். அவளிடம் என்ன சொல்வது? உன் அம்மாவுக்கு என் மேல் அத்தனை அன்பு, அதனால் நீ எங்கும் படிக்க வேண்டாம் என்றா?

இனாஸ், நீ எனக்குச் செய்தது பெரியது. அதன் கணக்கு நம் பெண்ணின் தலையில் விழ வேண்டாம்.

நீ கேட்கப்போகும் கேள்வியும் தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பாய். கிரேம் நினைவிருக்கிறதா, அந்த நியூசிலாந்து ஓவிய ஆசிரியையின் கணவன்? நாள் முழுக்க வீட்டில் ரொட்டி சுட்டு, மாலையில் பள்ளி வாசலில் கூடையோடு நிற்பானே. அவனை ஆசிரியர் அறையில் "மாவு மாப்பிள்ளை" என்று கூப்பிட்டோம். பெயர் வைத்தவனே நான்தான். நாளை மஸ்கட்டில் எவனாவது எனக்கும் ஒரு பெயர் வைப்பான். வைக்கட்டும். என்னுடையதைவிட மோசமாக வைக்கிற திறமை அவர்களுக்கு இருக்காது.

அது பிறகு வரும் விஷயம். மனைவியின் பெயரில் கணவனுக்கு விசா வாங்க வழி உண்டாம், பள்ளியே விண்ணப்பிக்குமாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் மார்லீஸ். அதுவரை நான் எங்கே இருப்பது என்று யோசித்தேன். நீ மஸ்கட் போனால் உன் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? கனடாவிலிருக்கும் உன் தம்பி பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்புவான், வேறென்ன செய்வான். ஆகவே ஜூலையில் நான் அம்மா வீட்டுக்கு வருகிறேன். பின்பக்க அறை போதும். அவருக்கு மாத்திரை கொடுப்பேன், நடைச்சட்டத்தோடு வராந்தா முனைவரை கூட்டிக்கொண்டு போவேன். மருந்துச்சீட்டு எழுதத் தெரியாவிட்டாலும் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும் என்று அவரிடம் சொல். அக்கம்பக்கத்தில் வேதியியலுக்குத் தனிப்பாடம் படிக்கப் பிள்ளைகள் யாராவது கிடைப்பார்கள். அங்கே என் ஆங்கிலத்தின் உச்சரிப்பை யாரும் கேட்கமாட்டார்கள்.

இது தியாகம் இல்லை. அந்த வார்த்தையை நீ உபயோகித்தால் எனக்கு எரிச்சல் வரும். உன் அம்மாவோடு தினமும் சண்டை போட எனக்கு வயது இருக்கிறது, அவருக்கும் தெம்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

பஹ்கத் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். அவர் முன்னால் அழாதே, ஊரெல்லாம் சொல்லிவிடுவார். அவர் போன பிறகு, மொட்டை மாடிக்குப் போய், அம்மாவுக்குக் கேட்காமல் மார்லீஸை அழை. வெள்ளிக்கிழமையானாலும் எடுப்பார், சொல்லி வைத்திருக்கிறேன். ஸெய்னாவின் இடத்தையும் சேர்த்து உறுதி செய்துகொள். வீடு பள்ளிக்குப் பக்கமாகக் கேள். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியையும் படி, சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்குவார்கள். என்னைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே. எனக்காக ஒரு மணி நேரப் பாடம்கூட இரந்து கேட்காதே.

இறைவன் உன் குரலில் தெளிவையும் உன் காலடியில் உறுதியையும் தரட்டும். புதிய ஊரில் உனக்கு நல்ல மனிதர்களைக் காட்டட்டும். நம் மகள் படித்து முடிப்பதை நாம் இருவரும் ஒரே அறையில் நின்று பார்க்க அருளட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே முதல் நாள் உன்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்வார்கள். யாராவது, கணவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். ஊரில் இருக்கிறார், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் என்றெல்லாம் விளக்க வேண்டாம். வேதியியல் ஆசிரியர் என்று மட்டும் சொல்.

உன்
அத்ஹம்