பேட்ஜில் இருந்த பள்ளம்

1979 ஐப்பசி, செவ்வாய்

அரியாங்குப்பத்து அஞ்சலையம்மா இன்று வந்திருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துத் தேர்தலில் அவர் புருஷன் சட்டையில் குத்தியிருந்த பித்தளை பேட்ஜைப் போன மாதம்தான் என் சேகரிப்புக்குக் கொடுத்தார். கறுத்து, நடுவில் நசுங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, சுத்தியால் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தேன். பெருமையாக எடுத்துக் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது அவருது இல்லீங்க. அதுல பள்ளம் இருக்கும்.”

“நான்தாம்மா தட்டி சரி பண்ணேன்.”

“ஓட்டு கேக்கப் போன எடத்துல தடியால அடிச்சாங்க. நெஞ்சுல விழுந்த அடி, அதோட படுத்தவருதான், எந்திரிக்கவே இல்ல. அந்தப் பள்ளத்தத் தொட்டுப் பாக்கத்தான் வந்தேன்.”

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எப்படி நசுங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? எந்த வருஷத்துத் தேர்தல் என்று மட்டும் கேட்டுச் சீட்டு எழுதி ஒட்டினேன். பெரிய சேகரிப்பாளன்! கண்ணாடிப் பெட்டிக்குள் அது புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது.